தானாகக் கழன்ற வயர்

ஜூலை 1, திங்கள்

அபிநயா, நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது கொடுத்த டைரியில் இன்றிலிருந்து எழுதுகிறேன். "நான் இல்லாதப்ப வீட்ல நடக்கிறத எல்லாம் எழுதி வை அப்பத்தா, தீபாவளிக்கு வந்து படிக்கிறேன்" என்றாய். இதுவரை எழுதுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

இன்று மலையிலிருந்து இறங்கும்போது உன் அப்பன் ராசாங்கம் ஜீப்பை இடதுபக்கத் தடுப்புச் சுவரில் உரசிவிட்டான். மட்கார்டு நெளிந்துபோனது. ஏலக்காட்டு வேலைக்குப் போன பதினொரு பெண்களும் உள்ளே இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை.

"பனி எறங்கிருச்சும்மா. ரோடு தெரியல" என்றான்.

வாசலில் இறங்கிய பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

"பனியா? வெயிலு பல்லக் காட்டிக்கிட்டுல்ல கெடந்துச்சு மதினி" என்றாள்.

அந்தச் சுவர் இடுப்பு உயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் தரை கிடையாது. மரங்களின் உச்சிதான் தெரியும். நானும் அந்த வழியாக வேலைக்குப் போனவள்தான்.

உளுந்து ஊறப் போட்டேன். ரேஷன் அரிசியில் இந்தத் தடவை கல் கம்மி.

ஜூலை 2, செவ்வாய்

ராசாங்கத்துக்கு நானே தோசை வைத்தேன். சட்னிக் கிண்ணத்தைத் தட்டுக்கு இடது பக்கம் வைத்தேன். வெறும் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டு, "சட்னி அரைக்கலையா?" என்றான். கிண்ணம் அவன் முழங்கையை ஒட்டி இருந்தது. உன் அம்மா மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, கிண்ணத்தை எடுத்து வலது பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவனிடம் பேசினேன்.

"ஏப்பா, மதுரையில கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?"

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

"எங்கண்ணுக்கு என்ன? இருவத்தஞ்சு வருசமா இந்த மலையில ஓட்டுறேன். கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அப்படித்தான் ஓட்டுற போலருக்கு" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

"மெதுவாப் பேசுங்க அத்த. தெருவுல கேக்கும்" என்றாள் மாரீஸ்வரி.

அவள் சொன்னதும் சரிதான். ஜீப்புக்காரர் வீடு என்றால் இந்தப் பக்கம் நான்கு ஊருக்குத் தெரியும். உன் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஜீப்பில் ஏறுகிற பெண்கள் வேறு ஜீப்பைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஜீப்புக்காரனுக்குப் பார்வை போய்விட்டது என்று என் வாயால் ஒருத்தியிடம் சொல்வதா? அதற்கு நான் ஊமையாகப் போகலாம்.

ஜூலை 3, புதன்

விடிவதற்கு முன்னால் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். ஜீப்பும் அங்கேதான் நிற்கிறது. திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. சீயக்காய் போட்டுக் கை கழுவினேன்.

ராசாங்கம் போய்ச் சாவியைத் திருப்பினான். ஜீப் செத்த மாதிரி கிடந்தது. கொட்டகை தெருவைவிடப் பள்ளம் என்பதால் தள்ளிக்கொண்டு வரவும் முடியாது. பெண்கள் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வேறு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனார்கள். எல்லோரும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தார்கள்.

கடை வீதியிலிருந்து எலக்ட்ரீசியன் அபுதாகிர் பாய் வந்தார். நிதானமான மனுஷன். முதலில் டீ குடிப்பார். பிறகுதான் பானெட்டைத் திறப்பார்.

"லைட்டப் போடு ராசாங்கம்."

எரியவில்லை.

"ஹாரன் அடி."

அடிக்கவில்லை.

"எதுவுமே இல்லன்னா பயப்பட வேணாம். சின்னச் சின்னதாத் தேட வேண்டியதில்ல. தலையிலதான் கோளாறு" என்றார்.

ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருக்கிறார். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு இன்னொன்றை ஜீப்பின் இரும்பில் வைத்தார். எரியவில்லை. குனிந்து பார்த்தார். பேட்டரியிலிருந்து சேஸுக்கு, அதாவது ஜீப்பின் இரும்புச் சட்டத்துக்கு, வருகிற எர்த் பட்டை கழன்று தொங்கியது.

"அட! ஆட்டத்துல கழண்டிருக்கும்" என்றான் ராசாங்கம்.

பாய் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டைதான் கழன்றிருந்தது. வாஷரும் நட்டும் தொலையாமல் போல்ட்டிலேயே திரும்ப மாட்டியிருந்தன.

ஜூலை 4, வியாழன்

ஜீப் போனது. வந்தது. நான் வாசலிலேயே இருந்ததில் முருங்கைக்கீரை அத்தனையும் உருவி முடிந்தது.

ஜூலை 5, வெள்ளி

இன்றும் ஜீப் எடுக்கவில்லை.

"நேத்து நல்லாத்தானய்யா ஓடுச்சு!" என்று ராசாங்கம் டயரை உதைத்தான். பஞ்சவர்ணம் கொட்டகை வரை வந்துவிட்டாள். "மாப்ள, வண்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெரதமா?" என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துப் போனது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

பாய் வந்தார். இன்றைக்கு லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது.

"அப்ப பேட்டரி நல்லாருக்கு, எர்த்தும் நல்லாருக்கு. சாவியத் திருப்பு."

திருப்பினான். ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை.

"செல்ஃப் மோட்டாருக்குப் போற சின்ன வயருதான்" என்று ஜீப்புக்கு அடியில் படுத்தார். "திருப்பிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு பல்பை வைத்திருக்கிறார். உள்ளேயிருந்து வெளிச்சம் தெரிந்தது. "கரண்டு வயரோட முனை வரைக்கும் வந்துருச்சு. முனை மோட்டார்ல இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

மாட்டிவிட்டு வெளியே வந்தார். ராசாங்கம் ஜீப்பை ஸ்டார்ட் செய்து தெருவுக்கு ஏற்றிக்கொண்டு போனான். நான் பாய்க்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்தார். ஊதாவில் மஞ்சள் புள்ளி.

"வயரு முனையில இது சுத்தியிருந்துச்சு பெரியம்மா. எதுலயும் பட்டு நெருப்பு வந்துரக் கூடாதுன்னு யாரோ பத்திரமாச் சுத்தியிருக்காங்க."

நான் கட்டியிருந்ததும் ஊதாவில் மஞ்சள் புள்ளிச் சேலைதான். சந்தையில் அந்தச் சேலை நிறைய வந்திருக்கிறது என்றேன்.

"வந்திருக்கும், வந்திருக்கும்" என்றார் பாய். துணியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். ராசாங்கத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ராசாங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இனிமேல் ஜீப் கொட்டகையில் நிற்காதாம். குழாயடிக்கு மேலே இருக்கிற இறக்கத்தில் நிறுத்துவானாம். "செல்ஃப் எடுக்கலன்னாலும் உருட்டி விட்டா ஓடிரும். டீசல் வண்டி. எவன் தடுக்கிறான்னு பாப்போம்" என்றான்.

ஜூலை 6, சனி

இறக்கத்தில் நின்ற ஜீப் சாவியைத் தொட்டதும் கிளம்பிவிட்டது. மலை மேட்டில் இரண்டு நாளாக மழை என்று சொன்னார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பி வந்தார்கள்.

ராசாங்கம் படி ஏறும்போது இடது பக்கம் இருந்த குடத்தைத் தட்டிவிட்டான். "இத யாரு இங்க வெச்சது?" என்றான். அந்தக் குடம் அங்கேதான் எப்போதும் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

வேலைக்கு லீவு. கறி எடுத்தோம்.

நீ போனில் பேசினாய். செமஸ்டரில் நீதான் வகுப்பில் இரண்டாவது என்று சொன்னாய். குழாயடியில் அத்தனை பேரிடமும் சொன்னேன். அதற்காகத்தான் மூன்று குடம் தண்ணீர் கூடுதலாக எடுத்தேன். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாய். நன்றாக இருக்கிறான் என்றேன்.

ஜூலை 8, திங்கள்

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் குழாயடிக்கு முதல் ஆளாகப் போனேன். யாரும் வருவதற்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு ஜீப் பக்கம் கொஞ்சம் நின்றேன். வெளிச்சம் போதவில்லை. யாரோ இருமுகிற சத்தம் கேட்டு அவசரமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

ராசாங்கம் வந்து சாவியைத் திருப்பினான். ஜீப் எப்போதும் போல ஸ்டார்ட் ஆகிவிட்டது. பெண்கள் ஏறிக்கொண்டு போனார்கள். எனக்கு எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை. பிறகு, சரி, ஓடுகிற வண்டிதானே, போய்விட்டு வரட்டும் என்று இருந்தேன். வடகம் காயப் போட்டேன்.

இருட்டிய பிறகும் ஜீப் வரவில்லை. மற்ற ஜீப்புகள் எல்லாம் வந்துவிட்டன. மாரீஸ்வரி தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ராசாங்கத்தின் போனில் மலைப்பக்கம் டவர் கிடைக்காது.

ஒரு வழியாக வந்தது. விளக்கில்லாமல் வந்தது. தெருவிளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஜீப் என்றே தெரிந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் இறங்கிப் போனார்கள். பஞ்சவர்ணம் நொண்டிக்கொண்டே வந்து என்னைச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சொன்னது இதுதான்.

தோட்டத்தில் சாயங்காலம் கிளம்பும்போதே செல்ஃப் உறுமி உறுமி நின்றுவிட்டது. எல்லோருமாகத் தள்ளி, இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். மழை. வைப்பரும் லைட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேட்டைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கியதும் லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்துவிட்டது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பஞ்சவர்ணம் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள். ஒரு வளைவில் அவள் இடது பக்கம் ஒதுங்க, ஜீப்பும் அவள் மேலேயே வந்திருக்கிறது. முட்டியில் பம்பர் இடித்து, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டார்ச்ச அவன் மூஞ்சிக்கே காட்டுனேன் மதினி. கத்துனேன். வலது பக்கமே பாத்துக்கிட்டு ஓட்டுறான். அப்புறம் ஏறி அவன் பக்கத்துல ஒக்காந்து, ஒடிச்சுத் திருப்பு, ஒதுக்கு, நிறுத்துன்னு சொல்லிச் சொல்லிக் கொண்டாந்து சேத்தேன். ஒம் மகனுக்கு எடது பக்கம் ஒண்ணும் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

பஞ்சவர்ணத்தின் முட்டி வீங்கியிருக்கிறது. மஞ்சளும் உப்பும் அரைத்துக் கொண்டுபோய்ப் பற்றுப் போட்டுவிட்டு வந்தேன். "பெத்தவளுக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று அவள் தன் மருமகளிடம் சொன்னாள். நான் இருக்கும்போதே சொன்னாள்.

பாய் வந்து பார்த்தார். பேட்டரி சுத்தமாகக் காலி. கழற்றிக் கடைக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றச் சொன்னார். பிறகு டைனமோவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். ராசாங்கம் பேட்டரியை எடுத்துக்கொண்டு போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பெரியம்மா, இது டைனமோ வயரு. பேட்டரிக்குக் கரண்டு ஏத்துறது. இத உருவுனா வண்டி நிக்காது. இருக்கிற சார்ஜுல ஸ்டார்ட் ஆகி, அது தீர்ற வரைக்கும் லைட்டு எரியும். அப்புறம் லைட்டு மட்டும் போகும். டீசல் வண்டி ஓடுறதுக்குக் கரண்டே வேணாம். அது பாட்டுக்கு ஓடும்."

நான் அவர் குடித்த டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"மொத ரெண்டு தடவ வண்டிய நிறுத்துனீங்க. நேத்து வண்டியோட கண்ணக் கட்டி ஓட விட்டுட்டீங்க."

"வண்டிய ஒரு மாசம் ஒங்க கடையிலேயே போட்டு வெக்க முடியுமா பாய்?" என்று கேட்டேன்.

"நான் வெச்சா அவன் இன்னொரு கடையில போயி எடுத்துட்டு வருவான். வண்டியில ஒரு கோளாறும் இல்ல பெரியம்மா. நல்ல வண்டி."

இன்னொரு டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஜூலை 10, புதன்

இன்று பெண்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சோற்றுத் தூக்குப்போசியோடு, மழைத் தாளோடு, எப்போதும் போல. பஞ்சவர்ணம் நொண்டிக்கொண்டே வந்து முன்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். இவனை விட்டுக்கொடுப்பதில்லை, ஏலக்காய் எடுப்பு முடிகிற வரைக்கும் பஞ்சவர்ணம் இடது பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள் என்று.

ராசாங்கம் சாவியைத் திருப்பினான். சார்ஜ் ஏற்றிய பேட்டரி, உடனே ஸ்டார்ட் ஆனது. நான் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"யம்மா, வழிய விடு."

"எறங்குங்கடி எல்லாரும். எம் மகனுக்கு எடது கண்ணுல பார்வை இல்ல."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"தெரியும் மதினி" என்றாள் பஞ்சவர்ணம். "அத எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லிக்கிட்டு? நாங்க பாத்துக்கிறோம். நீ வீட்டுக்குப் போ."

"நீ பாத்துக்கிருவியா? முந்தா நாளு லைட்டு தானாப் போகலடி. வயர உருவுனது நான். அதுக்கு முன்னால ரெண்டு தடவையும் நான்தான். இவன் ஓட்டக் கூடாதுன்னு உருவுனேன். மாத்தி உருவிட்டேன். ஒன்கிட்ட தெரியாதுன்னு சொன்னதும் பொய்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, வலிக்கிற காலை முதலில் ஊன்றி, இறங்கினாள்.

"நேத்து வந்து எனக்குப் பத்துப் போட்டியே" என்றாள்.

"ஆமா."

"அந்தக் கையாலதான?"

"ஆமா."

"பதினோரு பேரு உள்ள இருந்தமேடி. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க என்ன, ஒம் மகனத் தூக்கியா எறிஞ்சிருப்போம்? ஒனக்கு ஒன் வீட்டு மானம், எங்க உசுர விடப் பெருசாப் போச்சு."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அவன் பார்வைக் குறைக்குப் பயந்து இறங்காதவர்கள் என்மேல் உள்ள கோபத்தில் இறங்கினார்கள். எப்படியோ இறங்கினார்கள். கீழே ரோட்டில் வந்த வேறு ஜீப்பில் போய்விட்டார்கள்.

ராசாங்கம் என்ஜினை நிறுத்தினான். ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, என்னைத் தாண்டி, வீட்டுக்குப் போனான்.

நான் போய்க் குழாயை மூடினேன்.

ஜூலை 11, வியாழன்

வீட்டில் பேச்சில்லை. சோறு மீந்தது. மாட்டுக்காரி வந்து வாங்கிக்கொண்டு போனாள். குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. நான் குடத்தைத் தூக்கியதும் தொடங்குகிறது.

சாயங்காலம் மாரீஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டே தானாகச் சொன்னாள். "ஒரு வருசமா நான் எல்லாத்தையும் வலது பக்கம்தான் வெக்கிறேன் அத்த. டம்ளரு, துண்டு, செருப்பு. அவருக்கே தெரியாமப் பாத்துக்கிட்டேன்." அதனால்தான் அவனுக்கே தெரியவில்லையோ என்னவோ. நான் அதைச் சொல்லவில்லை. இந்த வாரம் நான் சொன்னது போதும்.

ஜூலை 12, வெள்ளி

பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக ராசாங்கத்திடம் போனாள்.

"மாப்ள, மதுரைக்குப் போயிக் கண்ணக் காட்டிட்டு வா. நாளைக்கே போ. டாக்டரு ஓட்டலாம்னு சொன்னா மறுநாளே வந்து ஏறுறோம். ஓட்டக் கூடாதுன்னா வண்டிக்கு வேற டிரைவரப் போடு. அப்பவும் ஒன் ஜீப்புலதான் வருவோம்."

"யாரு கூடப் போறது?" என்றான். அவன் வாயைத் திறந்ததே இரண்டு நாளில் அப்போதுதான்.

"ஒன் ஆத்தாளக் கூட்டிட்டுப் போ. அவளுக்கும் இங்க எவளும் பேச்சுத் தொணைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 13, சனி

முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். ராசாங்கம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். உசிலம்பட்டி வரைக்கும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை. டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவன் இடது கால் லேசாக அழுந்தியது.

ஆஸ்பத்திரியில் கூட்டம். மெஷினால் கண்ணில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் அதிகம், ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். போனது திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

அதற்குத் தனியாக ஒரு இருட்டறை. ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வரும். வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பெண் அவனுக்கு விளக்கிச் சொன்னாள். கதவருகே இருந்த ஸ்டூலில் என்னை உட்கார விட்டாள்.

முதலில் வலது கண். 'டக்', 'டக்' என்று பொத்தான் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சில இடத்தில் தாமதமாகக் கேட்டது. ஆனாலும் கேட்டது.

பிறகு இடது கண். ஒரு 'டக்'. அப்புறம் சத்தமில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு 'டக்' வந்தது. அதற்குப் பிறகு முடிகிற வரைக்கும் வரவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"யம்மா."

"சொல்லுய்யா."

"அந்த மெசினுல ஏதோ பால்ட் இருக்கு. ரெண்டாவது கண்ணுக்கு மாத்துனாங்கள்ல, அப்பயிருந்து லைட்டே வரல. ஒயரு எதும் லூசா இருக்கும். சொல்லிட்டு, இன்னொருக்கா பாக்கச் சொல்லுவமா?"



"லைட்டு வந்துக்கிட்டேதான்யா இருந்துச்சு" என்றேன்.

அவன் வலது கையை எடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டான். அப்படியே எதிரே இருந்த சுவர், கடிகாரம், நடந்து போகிற ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான். ரொம்ப நேரம் திரும்பியே இருந்தான்.

பிறகு கையை எடுத்துவிட்டு, டாக்டரம்மா எந்த ரூமில் இருக்கிறார் என்று கேட்டான். மாடியில் என்றேன். எழுந்தான். படி ஏறும்போது நான் அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.